நாற்பத்து மூன்றாம் பிழை

மனைவியின் தம்பி கல்யாண வீடியோ எடுக்கிறவன். சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று வேறும் எடுப்பான், ஆனால் அடுப்பெரிவது கல்யாணத்தில்தான். ஆனி முடியுமட்டும் கமெராவைத் தூக்கிக்கொண்டு வட்டுக்கோட்டைக்கும் பருத்தித்துறைக்கும் ஓடுவான். ஆடியில் கல்யாணம் இல்லை. எடுத்துக் குவித்ததையெல்லாம் அந்த ஒரு மாதத்துக்குள் குந்தியிருந்து வெட்டி ஒட்ட வேண்டும். ஆனிக் கடைசியில் அவனுடைய மடிக்கணினி 4கே காட்சியைக் கண்டதும் இழுக்கத் தொடங்கியது. "அத்தான், எனக்கொரு கொம்பியூட்டர் பூட்டித் தாங்கோ" என்று கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் வந்து நின்றான்.

பூட்ட ஒரு பின்னேரம் போனது. அதை ஒழுங்காக ஓட வைக்கப் பதினெட்டு நாள் போனது.

பெட்டிக்குள் வைத்த சாமான்: ரைசன் 5 3600, பி450 மதர்போர்ட், 16 ஜிபி ராம், 500 ஜிபி என்விஎம்இ. பவர் சப்ளை என்னிடம் கிடந்த பழைய 500 வாட்ஸ். கிராபிக்ஸ் கார்ட் மட்டும் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் பார்சலாக வந்தது. ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி, கை மாறினது, 32,000 ரூபாய். அவன் வெட்டி ஒட்டப் பாவிக்கிற டாவின்சி ரிசால்வ் முழுக்க முழுக்க கிராபிக்ஸ் கார்டின் தோளில் ஏறி ஓடுகிற மென்பொருள். 8 ஜிபி நினைவகமுள்ள புதுக் கார்ட் வாங்கப் பார்த்தால் மற்ற எல்லாச் சாமானின் விலையும் சேர்ந்து அந்த ஒன்றுக்கே போயிருக்கும்.

கை மாறின ஆர்எக்ஸ் 580 இப்படி மலிந்து கிடப்பதற்கு ஒரு கதை இருக்கிறது. 2017-இல் வந்த கார்ட். ஈதீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தைக் கணக்குப் போட்டுச் சம்பாதிக்கிற மைனிங் என்ற தோண்டுதலுக்கு இதைவிட வாய்ப்பான கார்ட் அப்போது குறைவு என்று உலகம் முழுக்க ஆட்கள் இதை ஆறு ஆறாக, எட்டு எட்டாக இரும்புச் சட்டத்தில் பூட்டி இரவு பகலாக ஓட்டினார்கள். 2022 செப்டெம்பர் 15-ஆம் திகதி ஈதீரியம் தன் முறையை மாற்றியது. அன்றோடு கார்டால் தோண்டுகிற வேலை நின்றுபோனது. தோண்டின கார்டெல்லாம் சந்தைக்கு வந்தது. விற்றவர் "இது கேம் மட்டும் விளையாடினது தம்பி, மைனிங் பக்கமே போகேல்லை" என்று போனில் சொன்னார். நான் நம்பினேன். பாதிதான் நம்பினேன் என்று இப்போது சொல்லலாம், ஆனால் காசு முழுக்கத்தான் அனுப்பினேன்.

முதல் இரவு. விண்டோஸ் 10 ஏறியது. படம் வந்தது, ஆனால் பெருப்பித்த எழுத்தில், மங்கலாக. அது எதிர்பார்த்ததுதான். கார்டின் சிப்பைச் செய்த ஏஎம்டி கம்பனியின் ட்ரைவர், அதாவது விண்டோஸும் கார்டும் பேசிக்கொள்ள உதவுகிற மென்பொருள், போடும்வரை விண்டோஸ் தன்னிடமுள்ள பேசிக் டிஸ்ப்ளே அடப்டர் என்ற பொது ட்ரைவரை வைத்துச் சமாளிக்கும். ட்ரைவரைப் போட்டேன். நூறு வீதம் வந்தது, ரீஸ்டார்ட் செய்தேன். அதே பெருத்த எழுத்து. ஏஎம்டி மென்பொருளைத் திறந்தால் "ஏஎம்டி கிராபிக்ஸ் ட்ரைவர் எதுவும் நிறுவப்படவில்லை" என்கிறது. ஐந்து நிமிடத்துக்கு முதல்தான் நிறுவி முடிந்தது என்று சொன்னதும் அதே மென்பொருள்தான்.

டிவைஸ் மனேஜரில் கார்டின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம். திறந்தால், சாதனம் பிரச்சினை தெரிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்தியிருக்கிறது, கோட் 43.

இந்தக் 43-ஐ முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். ட்ரைவர் விண்டோஸிடம் போய், "இந்தச் சாதனத்தோடு என்னால் வேலை செய்ய ஏலாது" என்று சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். ஏன் ஏலாது என்று அது சொல்லவில்லை. ட்ரைவர் பழுதாக இருக்கலாம், கார்ட் பழுதாக இருக்கலாம், கார்ட் சொல்வது ட்ரைவருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். காய்ச்சல் என்று ஒருவர் டொக்டரிடம் வந்து நிற்கிற மாதிரி. அந்த இரவு எனக்கு இது தெரியும், ஆனால் தெரிந்தபடி நடக்கவில்லை. ட்ரைவர் ஏறவில்லை, ஆகவே பிழை ட்ரைவரில்தான் என்று முடிவெடுத்துவிட்டேன்.

அடுத்த நாலு இரவும் ட்ரைவரோடுதான் போனது. அந்த நாலு இரவில் எனக்குப் பிழைத்தது நோய்க்கணிப்பு மட்டுந்தான். வைத்திய முறை சரி என்பதால் அதைச் சொல்லிவிடுகிறேன். பழைய ட்ரைவரை வேரோடு பிடுங்க டிஸ்ப்ளே ட்ரைவர் அன்இன்ஸ்டோலர் என்ற சின்ன மென்பொருள் இருக்கிறது, டிடியு என்பார்கள். போட வேண்டிய ட்ரைவரை முதலே இறக்கிப் பென் ட்ரைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்டர்நெட்டைக் கழற்ற வேண்டும், வயரானாலும் வைஃபை டொங்கிளானாலும். ஷிஃப்டை அமத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து சேஃப் மோடுக்குள் போய் டிடியுவை ஓட்ட வேண்டும். பிறகு சாதாரணமாக வந்து, இன்டர்நெட் இல்லாமலே புது ட்ரைவரைப் போட வேண்டும்.

இன்டர்நெட்டை ஏன் கழற்றுவது என்றால், ட்ரைவர் இல்லாத கார்டைக் கண்டதும் விண்டோஸ் தானாகவே ஒரு ட்ரைவரைத் தேடி இறக்கிப் போட்டுவிடும். இரண்டாம் இரவு நான் டொங்கிளைக் கழற்ற மறந்துபோய் தேத்தண்ணி ஊத்தக் குசினிக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் யாரோ ஒரு ட்ரைவர் வீட்டுக்குள் குடியேறியிருந்தார். திரும்பவும் முதலிலிருந்து.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. விண்டோஸ் 10-இல் ஷட் டவுன் செய்து திரும்பப் போடுவதும் ரீஸ்டார்ட் செய்வதும் ஒன்றல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயக்கத்தில் இருந்தால், ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸின் கருவும் ட்ரைவர்களும் இருந்த நிலையிலேயே டிஸ்கில் எழுதி வைக்கப்படும். அடுத்த முறை அப்படியே தூக்கி வைக்கப்படும். ரீஸ்டார்ட்தான் உண்மையில் புதிதாகத் தொடங்குவது. "நான் நிப்பாட்டிப் போட்டுப் பாத்தனான், சரிவரேல்லை" என்று சொல்கிறவர்களில் அரைவாசிப் பேர் ஒரு முறையும் உண்மையாக நிப்பாட்டியிருக்க மாட்டார்கள். ட்ரைவரோடு மல்லுக்கட்டும்போது அந்த வசதியை நிறுத்திவிடுவது நல்லது.

நாலு இரவில் நாலு வெவ்வேறு ட்ரைவர். புதியது, அதற்கு முந்தியது, 2021-ஐச் சேர்ந்த ஒன்று. 2023 பிற்பகுதியில் ஏஎம்டி இந்தப் போலாரிஸ் வகைக் கார்டுகளையும் வேகா வகையையும் மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனிப் பொதியாக ட்ரைவர் வெளியிடத் தொடங்கியது. அந்த மாற்றத்தில் நான் பிழையான பொதியை எடுத்துவிட்டேனோ என்று சந்தேகப்பட்டு, சரியானதைத் தேடி எடுத்ததுதான் நாலாவது. ஒவ்வொன்றும் அறுநூறு எம்பிக்குக் கிட்ட. இரவு டேட்டா முழுக்க இதிலே போனது. நாலும் ஒரே 43.

"இஞ்சேருங்கோ, விடியப்போகுது, லைட்டை நூருங்கோ" என்று உள்ளிருந்து சத்தம். மாமி அடுத்த நாள் காலமை கேசிங்கைத் திறந்து வைத்திருந்த மேசையைப் பார்த்துவிட்டு, "உதுக்கு நாவூறு பட்டிட்டுது தம்பி. புதுச் சாமானை வாசல்ல வைச்சுத் திறந்தனீங்கள், றோட்டால போறவை எல்லாம் பாத்தவை" என்றா. செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டா. மிளகாய் நெடி வரவில்லை என்று சொல்லி, நாவூறுதான் என்று உறுதிப்படுத்திக்கொண்டா. என்னுடைய நோய்க்கணிப்பும் அந்த நேரம் அதைவிடத் திறமென்று சொல்ல ஏலாது.

ஆறாம் நாள்தான் முதல் நாள் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். கார்டைக் கழற்றி என் கொம்பியூட்டரில் கொழுவினேன். என்னிடமிருந்த ஜிடி 1030 கார்டை அவனுடைய பெட்டியில் கொழுவினேன். ஜிடி 1030 அவனுடைய பெட்டியில் பத்து நிமிடத்தில் ட்ரைவர் ஏறிப் பளிச்சென்று வந்தது. ஆர்எக்ஸ் 580 என்னுடையதிலும் 43. வேறு மதர்போர்ட், வேறு பவர் சப்ளை, வேறு விண்டோஸ். பிழை மட்டும் கார்டோடு கூடவே நடந்து வந்தது. நாலு இரவு, நாலு ட்ரைவர், இரண்டரை ஜிபி டேட்டா சொல்லாததை இந்த மாற்றுப் பரீட்சை அரை மணித்தியாலத்தில் சொன்னது. முதலே செய்யாததற்குக் காரணம் கேட்டால் சோம்பல்தான். என் கொம்பியூட்டர் அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் செருகிக் கிடக்கிறது. இழுத்தெடுத்தால் இரண்டு வருசப் புழுதியைக் கூட்ட வேண்டும்.

கழற்றின கையோடு கார்டைச் சன்னலடியில் வைத்துப் பார்த்தேன். ஸ்லொட்டுக்குள் போகிற தங்கப் பல்வரிசையில் ஒரு பக்கம் கறுத்து, ஒரு மூலையில் பச்சை. கடற்காற்றுப் பட்ட இடத்தில் இருந்திருக்கிறது, எந்தக் கடற்கரையோ. பிள்ளையின் பள்ளிக்கூடப் பையிலிருந்து வெள்ளை அழிறப்பரை எடுத்து மெல்லத் தேய்த்து, போன் திருத்துகிற கடையில் வாங்கின ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைத்தேன். அதற்கு முதல் ஜிபியு-இசட் என்ற மென்பொருள் கார்ட் எட்டு லேனில், அதாவது எட்டுத் தரவுப் பாதையில், இணைந்திருப்பதாகக் காட்டியது. துடைத்த பிறகு பதினாறு. நல்ல விசயம். ஆனால் 43 அசையவில்லை. இது வேறு நோய், வழியில் அகப்பட்டது.

கார்ட்தான் பிழை என்றால் இரண்டு வழி. ஒன்று, சிப்போ நினைவகமோ செத்திருக்கிறது. அப்படியென்றால் 32,000 ரூபாய்க்கு ஒரு காகிதப் பாரம். மற்றது, கார்டின் பயோஸ். கிராபிக்ஸ் கார்டுக்கும் மதர்போர்டுக்கு இருப்பதுபோல ஒரு பயோஸ், சிப்பில் எழுதி வைத்த அடிப்படை மென்பொருள், இருக்கிறது: சிப் எத்தனை மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டும், எவ்வளவு மின்னழுத்தம், நினைவகம் எந்த நேரக்கணக்கில் எழுதி வாசிக்க வேண்டும் என்ற எல்லாம் அதில்தான். மைனிங் செய்தவர்கள் இதைத்தான் மாற்றுவார்கள். சிப்பின் வேகத்தைக் குறைத்து மின்சாரத்தை மிச்சம் பிடிப்பார்கள், நினைவகத்தின் வேகத்தைக் கூட்டுவார்கள். ஏஎம்டியின் ட்ரைவர் ஏறும்போது இந்தப் பயோஸின் கையெழுத்தைச் சரிபார்க்கும். யாரோ கைவைத்த பயோஸ் என்று கண்டால் வேலை செய்ய மறுத்துவிடும். விண்டோஸில் அது தெரிவது 43-ஆக.

சந்தேகத்தை வைத்து ஒன்றும் செய்யக்கூடாது. ஏஎம்டி விபிஃபிளாஷ் என்ற கருவியால் கார்டின் பயோஸை ஒரு கோப்பாகச் சேமித்தேன். இது ட்ரைவர் ஏறாமலும் வேலை செய்யும். எதையும் எழுதும் முன், இருப்பதைச் சேமித்து இரண்டு இடத்தில் வைப்பது என் வழக்கம். பிறகு அந்தக் கோப்பைப் போலாரிஸ் பயோஸ் எடிட்டரில் திறந்தேன்.

வலப்பக்கத்தில் நினைவகத்தின் நேரக்கணக்குப் பட்டியல். ஒவ்வொரு வேகத்துக்கும் ஒரு வரி: 1000, 1125, 1250, 1375, 1500, 1625, 1750, 2000. ஒவ்வொரு வரிக்கும் எதிரே இலக்கமும் எழுத்தும் கலந்த நீண்ட கோவை, திரையின் அகலத்துக்குப் போகிறது. வேகம் கூடக் கூட நினைவகத்துக்கு மூச்சுவிடக் கூடின இடைவெளி வேண்டும். ஆகவே ஒவ்வொரு வரியும் வித்தியாசமாக இருக்க வேண்டும். கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். மச்சானைக் கூப்பிட்டு 1500 வரியை வாசிக்கச் சொன்னேன், நான் 2000 வரியில் விரல் வைத்துக்கொண்டேன்.

"ஏழு, ஏழு, ஏழு, சைபர், சைபர், சைபர்..."

"ம்."

"ரண்டு, ரண்டு, சீ, சீ..."

"ம்."

தேவாரம் படிக்கிற மாதிரி கடைசிவரைக்கும் போனான். ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை. 1625-உம் அதே. 1750-உம் அதே. நாலு வேகத்துக்கும் ஒரே கோவை, 1500-க்குரிய இறுக்கமான நேரக்கணக்கை எடுத்து மேலே மூன்று வரிக்கும் ஒட்டியிருக்கிறார்கள். தோண்டுகிறவர்கள் செய்கிற அச்சொட்டான வேலை இது. கேம் மட்டும் விளையாடின கார்ட்.

"அப்ப அவர் பொய் சொன்னவரோ அத்தான்?"

"அவருக்கும் ஆரும் சொல்லித்தான் வித்திருப்பினம். விடு."

விட்டேனே தவிர, அவனுக்குச் சொன்ன அளவுக்கு நான் விடவில்லை.

இனி என்ன செய்வது? ட்ரைவரின் அந்தச் சரிபார்ப்பைக் கடந்துபோகச் செய்கிற ஒரு சின்னத் திருத்துகருவி உண்டு. மைனிங் ஆட்கள் எல்லாரும் அதைத்தான் பாவித்தார்கள். இரண்டு பேர் எனக்கும் அதைச் சொன்னார்கள். எனக்கு மனமில்லை. ஒவ்வொரு முறை ட்ரைவர் மாறும்போதும் திரும்பத் திருத்த வேண்டும்; நான் பக்கத்தில் இல்லாத நாளில் அவன் தவிப்பான். அதைவிட, அந்த நேரக்கணக்கு வீடியோ வேலைக்குப் பொருந்துமா என்பதே கேள்வி. தோண்டும்போது ஒரு கணக்குப் பிழைத்தால் அடுத்த கணக்குக்குப் போகலாம். தாலிகட்டில் ஒரு பிரேம் பச்சையாய்ப் போனால் ரொறன்ரோவிலிருந்து பெரியம்மா போன் எடுப்பா.

இணையத்திலிருந்து வேறு யாருடையதோ பயோஸை இறக்கி எழுதலாம். ஆனால் ஒரே மொடலிலேயே நினைவகச் சிப் வெவ்வேறு கம்பனியினுடையது வரும்; பொருந்தாததை எழுதினால் படமே வராது. ரைசன் 5 3600-இல் உள்ளமைந்த கிராபிக்ஸும் இல்லை. கார்ட் செத்தால் திரை முழுக்க இருட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டுதான் திருத்த வேண்டும்.

அப்படி யோசித்துக்கொண்டு கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோதுதான் மேல் விளிம்பில், உலோகத் தகட்டுப் பக்கமாக, அரிசி அளவில் ஒரு கறுப்புச் சுவிட்ச். அதற்கு மேல் பழைய ஸ்டிக்கரின் பசை, பசையில் புழுதி, புழுதி இறுகிச் சாந்தாகி எல்லாம் ஒரே கறுப்பு. ஆர்எக்ஸ் 580-இல் பல மொடலுக்கு இரண்டு பயோஸ் சிப் உண்டு. ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறத்தான் இந்தச் சுவிட்ச். கார்டைப் பெட்டியிலிருந்து எடுத்த முதல் நாளே ஒரு பல் தேய்க்கிற பிரஷ்ஷால் துடைத்திருந்தால் கண்டிருப்பேன்.

பவரை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, பசையை அற்ககோலில் ஊறவைத்தேன். உலோகம் ஒன்றும் வேண்டாம் என்று வாசலில் கிடந்த விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை முறித்து எடுத்தேன். தள்ளினேன். "டிக்" என்று கேட்கவில்லை, விரலுக்குத்தான் தெரிந்தது.

அந்தப் பக்கத்துப் பயோஸையும் முதலில் சேமித்துத் திறந்து பார்த்தோம். மச்சான் திரும்பவும் தேவாரம். மூன்றாவது சீர் தாண்டும் முன்பே வரிகள் பிரிந்தன. நினைவகம் 2000, ஒவ்வொரு வரியும் வெவ்வேறு. இதில் யாரும் கை வைக்கவில்லை.

டிடியு, ரீஸ்டார்ட், ட்ரைவர். திரை ஒரு முறை கறுத்து, திரும்பி வந்தபோது எழுத்துகள் ஊசி முனைபோல. மஞ்சள் முக்கோணம் இல்லை. மச்சான் மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்தான். மாமி "பாத்தியளே" என்றா.

திருத்தின பயோஸ் மற்றப் பக்கத்தில் இன்னும் கிடக்கிறது. அதன் மேல் நல்லதை எழுதியிருக்கலாம். எழுதவில்லை, ஓடுகிறதைத் தொடக்கூடாது என்ற புத்தி சில நேரம்தான் எனக்கு வரும், வந்த நேரத்தில் கேட்டேன். சுவிட்சுக்கு மேல் மட்டும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி அம்புக்குறி போட்டேன்.

இதோடு முடிந்திருந்தால் பதினெட்டு நாள் ஆகியிருக்காது.

அதற்கு மூன்றாம் நாள் பின்னேரம் போன் வந்தது. "அத்தான், கறுத்துப் போச்சு, பேந்து வந்தது, ஆனா ரிசால்வ் செத்துட்டுது." ஒரு தரம் என்றால் விட்டிருக்கலாம். ரெண்டர், அதாவது வெட்டி ஒட்டினதை முழு வீடியோவாக்குகிற வேலை, கொடுத்துப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஒவ்வொரு முறையும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரைத் திறந்தேன்: நிகழ்வு எண் 4101, டிஸ்ப்ளே ட்ரைவர் பதிலளிப்பதை நிறுத்தி வெற்றிகரமாக மீண்டுவிட்டது. ஒரே வசனம், பதினொரு தரம், அடுக்கடுக்காக.

திரும்பவும் ட்ரைவர் என்ற சொல். இந்தப் பெட்டிக்குள் எது சரிந்தாலும் வாய் திறந்து பேசுகிறது ட்ரைவர் ஒன்றுதான். பேசினவன் தலையில்தான் பழி.

4101-இன் பின்னால் இருப்பது விண்டோஸ் விஸ்டாவிலிருந்து தொடர்கிற ஒரு காவல் ஏற்பாடு. கார்டுக்கு ஒரு வேலை கொடுத்து இரண்டு செக்கனுக்குள் பதில் வராவிட்டால், கார்ட் உறைந்துவிட்டது என்று முடிவுகட்டி, விண்டோஸ் ட்ரைவரைத் தட்டி எழுப்பும். முழுக் கொம்பியூட்டரும் சாகாமல் தப்பும், ஆனால் கார்டை நம்பியிருந்த மென்பொருள் விழும். இந்த இரண்டு செக்கனை ரெஜிஸ்ட்ரியில் கூட்டலாம். நானும் பத்தாக்கிப் பார்த்தேன். இரண்டு செக்கன் கறுத்த திரை பத்துச் செக்கன் கறுத்தது, ரிசால்வ் அதே இடத்தில் செத்தது. உண்மையில் நீண்ட கணக்கைச் செய்கிற ஆட்களுக்கு அது உதவும். உறைந்த கார்டுக்கு உதவாது. திரும்ப இரண்டுக்கே கொண்டுவந்தேன்.

சூடா என்று பார்த்தேன். 84 பாகை. கழற்றிப் பார்த்தால் தேர்மல் பேஸ்ட் காய்ந்த சீமெந்து. மாற்றினேன், 72-க்கு இறங்கியது. 4101 இறங்கவில்லை.

பிறகு செய்த ஒரு சோதனையைத்தான் இப்படியான கறுப்புக்கு முதலில் செய்யச் சொல்வேன், அதற்கு ஒரு சதமும் செலவில்லை. ஏஎம்டி மென்பொருளில் பவர் லிமிட் என்ற தள்ளுகட்டையைக் கீழே இழுத்தேன், மைனஸ் முப்பது. ரெண்டர் மெல்லத்தான் ஓடியது. நாற்பது நிமிடம், ஐம்பது நிமிடம், முடிந்தது. ஒரு 4101 இல்லை. சைபருக்குக் கொண்டுவந்தேன்; பன்னிரண்டாம் நிமிடம் கறுத்தது. பிழை ட்ரைவரில் என்றால் மின்சாரத்தைக் குறைத்ததும் அது ஏன் குணமாக வேண்டும்? சிப்போ, சூடோ, மின்சாரமோ. சூட்டைப் பார்த்தாயிற்று.

ஆர்எக்ஸ் 580 முழு வேலையில் 185 வாட்ஸ் இழுக்கும். மதர்போர்ட் ஸ்லொட் ஆகக்கூடியது 75 தரும், மிச்சம் பவர் சப்ளையிலிருந்து நேரே வருகிற வயரால் வர வேண்டும். அதற்குத்தான் கார்டில் எட்டுப் பின் கனெக்டர். அது 150 வாட்ஸுக்குரியது. என் பழைய பவர் சப்ளையில் இருந்தது ஆறு பின் ஒன்றுதான். அது 75 வாட்ஸுக்குரியது. விற்றவர் கார்டோடு ஆறை எட்டாக்கிற ஒரு சின்ன அடப்டர் வயரை இலவசமாகப் போட்டு அனுப்பியிருந்தார். நானும் யோசிக்காமல் கொழுவியிருந்தேன். அந்த அடப்டர் செய்கிற வேலை என்ன தெரியுமா? கூடுதலான இரண்டு பின்னையும் நிலத்தோடு கட்டிவிடுகிறது. அந்த இரண்டு பின்னும் நிலத்தில் இருந்தால் "எட்டுப் பின் வயர் கொழுவியிருக்கிறது, 150 இழுக்கலாம்" என்று கார்ட் எடுத்துக்கொள்ளும். கார்டுக்குச் சொல்லப்பட்ட சின்னப் பொய்.

மல்டிமீற்றரை எடுத்தேன். கனெக்டரின் பின்பக்கத்தால், வயர் உள்ளே போகிற ஓட்டைக்குள் ஊசியை விட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே அளந்தேன். இதைக் கை நடுங்குகிறவர் செய்ய வேண்டாம். ஊசி வழுக்கிப் பக்கத்துப் பின்னில் பட்டால் வேலை வேறு. சும்மா இருக்கும்போது 12.04 வோல்ட். ரெண்டர் கொடுத்ததும் 11.6, 11.4, கடைசியில் 11.28. அதே நேரம் பவர் சப்ளையின் சும்மா தொங்கின மொலெக்ஸ் வயரில் 11.81. பவர் சப்ளைகளுக்குரிய ஏடிஎக்ஸ் நியமத்தில் 12 வோல்டுக்குக் கீழெல்லை 11.4. பவர் சப்ளை எல்லைக்குள்தான் நிற்கிறது. கார்டின் வாசலுக்கு வந்து சேரும்போது அரை வோல்ட் காணாமல் போகிறது.

அரை வோல்ட் எங்கே போகிறது என்று கணக்குப் போட்டால் பயம் வரும். வயரால் வருகிறது ஏறக்குறைய 110 வாட்ஸ், அதாவது ஒன்பது அம்பியர். ஒன்பதை 0.53-ஆல் பெருக்கினால் ஐந்து வாட்ஸுக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவும் அந்தக் கைவிரல் நீள வயரிலும் அதன் பின்களிலும் சூடாகப் போகிறது.

கழற்றினேன். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரு ஓட்டையின் சுற்று தேத்தண்ணிக் கறை நிறத்தில் இருந்தது. மூக்கில் வைத்தால் மெல்லிய பொசுங்கின மணம். மச்சானிடம் கொடுத்தேன், மணந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சன்னல் கட்டில் வைத்தான். அவனுடைய எடிட்டிங் மேசை நிற்கிற அறையின் கதவுக்கு வெளியேதான் மாமி படுக்கிறது.

புதுப் பவர் சப்ளை, 550 வாட்ஸ், ஆறும் இரண்டுமாகப் பிரிகிற எட்டுப் பின் வயர் இரண்டு உள்ளது, கார்டின் விலையில் அரைவாசிக்கு மேல். மலிவுக் கார்ட் மலிவில்லாமல் போனது இங்கேதான். கொழுவி அளந்தேன்: முழு வேலையில் 11.93. பவர் லிமிட் சைபரில். அன்று பின்னேரம் எங்கள் பக்கத்தில் கரண்ட் வழக்கம்போல மங்கி மங்கி எரிந்தது, யூபிஎஸ் இரண்டு தரம் "டக்" என்றது, 11.93 அசையவில்லை.

பதினெட்டாம் நாள் இரவு ரொறன்ரோக்காரருடைய கல்யாணத்தை ரெண்டருக்குப் போட்டான். மூன்று மணித்தியாலமும் சொச்சமும். நான் பக்கத்தில் ஈவன்ட் வியூவரைத் திறந்து வைத்துக்கொண்டு கதிரையிலேயே நித்திரையாகிவிட்டேன். எழும்பியபோது நூறு வீதம், 4101 இல்லை, அவன் அப்லோட் தொடங்கியிருந்தான். நல்லூரில் கொடியேற இன்னும் மூன்று நாள். அதற்குள் மிச்சம் இரண்டு கல்யாணமும் ஒரு சாமத்திய வீடும்.

கார்டின் இடப்பக்க விசிறி மட்டும் இன்னும் கிணுகிணுக்கிறது. பெயரிங் தேய்ந்திருக்கிறது, எத்தனை மாதம் நிற்காமல் சுற்றினதோ. நாதஸ்வரம் வருகிற இடங்களை வெட்டும்போது ஹெட்போன் போட்டுக்கொள்கிறான்.